கைதட்டு நிற்கும்வரை

அவன் இன்னும் தட்ட ஆரம்பிக்கவில்லை.

மைதானத்துச் சுற்றுச்சுவர் முழுக்க ஆட்கள். ஃபுட்பால் கிளப்பின் பெண்கள் அணிக்குப் புதிதாக ஒரு ஃபிட்னஸ் கோச். குணாளன் என்று பெயர். விடிந்ததிலிருந்து சுவரில் அதே பேச்சுதான்.

பாதிப் பேருக்கு ஆளைப் பிடித்திருந்தது. பூனாவில் படித்துவிட்டு வந்தவனாம். போன சீசனில் கடைசிப் பத்து நிமிஷம் நம்ம பொண்ணுங்க நாக்குத் தள்ளி நின்றது மறந்துபோச்சா என்று கேட்டார்கள்.

வெல்டிங் கடை தயாளன் ஒரே போடாகப் போட்டார்.

"படிச்சுக் கிழிச்சான். இவன் முட்டியக் காலி பண்ணவன்தானே அவன்?"

எல்லோரும் திரும்பி, சுவரில் முன்னால் உட்கார்ந்திருந்த அவன் காலைப் பார்த்தார்கள். அவன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

முட்டி போனபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ரயில்வே டீமில் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எடுத்தால் வேலையும் நிச்சயம். அப்போது குணாளன்தான் இதே கிளப்பில் ட்ரெய்னர். ஒரு நாள் ஓடும்போது அவன் முட்டிக்குள் என்னவோ பிடித்தது. சொன்னான்.

ஆக்டிங் குடுக்காதடா, இன்னொரு ரவுண்டு வா, என்றான் குணாளன்.

வந்தான். பாதி ரவுண்டில் உள்ளே பட்டென்று அறுந்தது.

ரயில்வேயும் போச்சு, பந்தும் போச்சு. குணாளன் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேறு ஊருக்குப் போய்ப் பெரிய ஆளானான். இங்கே அவனோ மாடிப்படி ஏறும்போதெல்லாம், ஒவ்வொரு படிக்கும், குணாளனை ஒரு முறை சபித்தான்.

இந்த மைதானத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கமிட்டி யாரை வேண்டுமானாலும் கோச்சாகப் போட்டுக்கொள்ளட்டும். முதல் நாள் அந்த ஆள் டீமுக்கு முன்னால் ஓட வேண்டும். டீமும் பின்னாலேயே ஓடும். சுவரில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். கைதட்டு நிற்கும்வரை ஓட்டமும் நிற்கக் கூடாது. முன்னாலேயே நின்றுவிட்டால், அப்படியே கேட்டைப் பார்த்து நடையைக் கட்ட வேண்டியதுதான். கமிட்டிக்காரன் சட்டம் பேசினால், மேட்ச் அன்றைக்குச் சுவரில் ஒரு காக்காகூட உட்காராது.

எல்லாம் சும்மா ஒரு கலாட்டாவுக்கு. ரெண்டு சுற்று வந்ததும் யாராவது சிரித்து, சரி விடுப்பா என்று நிறுத்திவிடுவார்கள்.

"இன்னிக்கு இவன் கைதான்" என்றார் தயாளன். "இவன் நிறுத்துனாதான் நாம நிறுத்தறோம்."

பூனா கட்சிகூடத் தலையாட்டியது.

குணாளன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. லேசான தொப்பை. பின்னால் பெண்கள் வரிசை. வரிசையின் நடுவில் ஹெப்சி, முட்டி போனவனின் மகள். அடுத்த வாரம் மாவட்ட அணிக்கு செலக்‌ஷன். சுவரிலிருந்த அப்பாவைப் பார்த்துக் கையாட்டினாள்.

அவன் தட்டினான்.

சுவரே சேர்ந்து தட்டியது.

முதல் சுற்றில் குணாளன் சிரித்துக்கொண்டே ஓடினான். அடுத்ததில் சிரிப்பு இல்லை. அதற்கடுத்த சுற்றில் சுவரை அண்ணாந்து பார்த்தான். யார் முன்னால் உட்கார்ந்து தட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டான்.

முகம் மாறியது. தலையைக் குனிந்துகொண்டு ஓடினான்.

தட்டுகிறவனுக்கு அது போதும் என்று நினைத்தால், இல்லை. போதவில்லை. தெரிந்தே ஓடட்டும். வாயில் நுரை தள்ளட்டும். கோல் போஸ்ட் பக்கத்து ஜல்லியில் முட்டி தேய விழட்டும். நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுகமாக அவன் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

பக்கத்தில் யாரோ, "போதும்பா, மூச்சு வாங்குது அந்தாளுக்கு" என்றார்கள்.

இன்னும் ஓங்கித் தட்டினான்.

உள்ளங்கை எரிந்தது. குணாளனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கால் இழுத்தது. நிற்கவில்லை. வரிசையில் ஒருத்தி பின்தங்கியது ஓரக்கண்ணில் பட்டது. யாரென்று அவன் பார்க்கவில்லை. குணாளனைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

எதிர்க்கோடியில் குணாளன் ஒரு முறை பின்னால் திரும்பினான்.

நின்றான்.

நின்றேவிட்டான்.

சுவரில் அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜெயித்தாச்சு. இனிமேல் கேட்டுதான்.

குணாளன் கேட்டுப் பக்கம் போகவில்லை. மூச்சிரைக்க வந்த வழியே திரும்பி நடந்தான். அங்கே ஹெப்சி வலது முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, கைதட்டு நிற்காததால், நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

குணாளன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். அவள் ஓட முடியும் என்று தலையாட்டினாள். குணாளன் விடவில்லை. தரையில் உட்காரவைத்தான். தானும் மண்ணில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். ஐஸ் கொண்டுவரச் சொல்லிக் கத்தினான்.

சுவரில் ஒவ்வொரு கையாக நின்றது.

தயாளன் அவனை முழங்கையால் இடித்தார்.

"நின்ட்டான்பா. கேட்டத் தொறக்கச் சொல்லட்டா?"

அவன் தட்டிக்கொண்டே இருந்தான். நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டும்.

கீழே ஹெப்சி தலையைத் தூக்கி, இன்னும் யார் தட்டுகிறார்கள் என்று சுவரில் தேடினாள்.