கேம்ப்பில் ஒரு ஹால்ட்

"புது டிரைவரைக் கொன்னுட்டுத்தான் மறுவேலை பார்ப்பீங்களா, மேனேஜர் சார்?"

தீவின் ஹேடோ துறையை ஒட்டிய லாரி ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் ஜம்புலிங்கம் அவ்வளவு உரக்கக் கேட்டார். யூனியன் செயலாளர் அவர். சங்கத்துக்காக ஜெயிலுக்குப் போய் வந்தவர். மெல்லப் பேசி எதையும் வாங்கியதில்லை.

சுவரில் இருந்த கரும்பலகையில் மறுநாள் ஓட்டத்தை மேனேஜர் பாலசுப்பிரமணியம் எழுதியிருந்தார். விடியலில் அரிசி லோடு புறப்பாடு. பெரார்கஞ்சில் சாயா. மதியம் ஜிர்காடாங் காட்டில் ரோடு போடும் கேம்ப். லோடு இறக்கியதும் அன்றைக்கே திரும்பல். டிரைவர், ஜெய்னுதீன்.

ஜெய்னுதீன் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"புது ஆளு கேம்ப்புக்குப் போனா ராத்தங்கல் போட்டுட்டுத்தான் வரணும். சண்டை போட்டு வாங்கின ஒப்பந்தம் சார் அது. ராமகிருஷ்ணன் திரும்பி வர்றப்ப ஸ்டியரிங் மேலயே தூங்கி, ஓடையில கவுந்து செத்தான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு ஜம்பு. திரும்பி வர்றதுக்கு வேற ஏற்பாடு இருக்கு."

"ராமகிருஷ்ணனுக்குக்கூட ஏதோ ஏற்பாடு இருக்குன்னுதான் சொன்னீங்க. பாடை கட்டுற ஏற்பாடு."

ஷெட்டில் சிரிப்பு எழுந்தது. மேனேஜர் முகம் கறுத்தது.

"நீ அந்த ஆளையே ஒரு வார்த்தை கேளேன்."

ஓரமாக நின்றிருந்த ஜெய்னுதீன் முன்னால் வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அண்ணே, நான் அன்னிக்கே திரும்பி வந்துடுறேண்ணே. எனக்குச் சம்மதந்தான்."

"யாருப்பா சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லண்ணே. எனக்குத்தான் இங்கிட்டு..."

"பயப்படாதே. புதுசா சேர்ந்தவன் எல்லாரும் இப்படித்தான் சொல்வான். நீ வாயை மூடிக்கிட்டு நில்லு. உனக்காகப் பேசத்தானே நான் இருக்கேன்."

ஜெய்னுதீன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்தான். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தான்.

ஜம்புலிங்கத்துக்கு அது போதுமாக இருந்தது. முதலாளி ஆள் மிரட்டுகிறான், பாவப்பட்டவன் மிரள்கிறான். எத்தனை பார்த்தாயிற்று.

"ராத்தங்கல் ஹால்ட் எழுதுங்க சார். இல்லைன்னா நாளைக்கு ஒரு மூட்டை லாரி ஏறாது. காம் பந்த், வேலை நிறுத்தம்."

கேம்ப்பில் அரிசி தீர்ந்து போயிருந்தது. மேனேஜர் சாக்பீஸை எடுத்து, 'திரும்பல்' என்பதை அடித்துவிட்டு 'ஹால்ட்' என்று எழுதினார். எழுதி முடித்தும் சிறிது நேரம் பலகையைப் பார்த்தபடியே நின்றார்.

தோற்றவன் அப்படித்தான் நிற்பான் என்று ஜம்புலிங்கம் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் மெட்ராஸ் கப்பல் புறப்பட வேண்டும். ஹேடோ துறையில் நல்ல கூட்டம். கூட்டத்தைக் கண்டால் ஜம்புலிங்கத்துக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறிவிட்டார்.

"தோழர்களே, நம்ம ஜெய்னுதீன் இன்னிக்குக் கேம்ப்புல காலை நீட்டிப் படுத்திருக்கான். எந்த முதலாளியும் அவனை எழுப்ப முடியாது. லாரிச் சாவி எங்கே தெரியுமா? கூடப் போன நம்ம சண்முகம் மடியில பத்திரமா இருக்கு."

கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். ஒரு கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது.

"அண்ணே, அவுக பேரு காதுல விழுந்துச்சு. வந்துட்டாகளா?"

"எவுகம்மா?"

"ஜெய்னுதீன். நான் அவுக வீட்டுக்காரி, பஷீரா."

அவளுக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். தோளில் அவளுடைய தகரப்பெட்டி.

ஜம்புலிங்கம் பெட்டியிலிருந்து இறங்கினார். மேனேஜர் அவரைச் சற்றுத் தள்ளி இழுத்துப் போனார்.

"கர்ப்பப்பையில கட்டி. மெட்ராஸ்லதான் அறுக்கணும்னுட்டாங்க. பிழைச்சு வந்தா உண்டுன்னு டாக்டர் சொன்னாராம். அவ தம்பி துணைக்குப் போறான்."

"நேத்தே சொல்லக் கூடாதா சார்?"

"நாலு பேர் நடுவுல பொம்பளை சீக்கைச் சொல்லாதீங்கன்னு அவன் முதல்லயே கேட்டுக்கிட்டான்."

"அப்ப லீவு கொடுத்திருக்கலாமே."

"கொடுத்தேன். வேற டிரைவர் இல்லை, கேம்ப்புல அடுப்பு எரியலைன்னு தெரிஞ்சதும் அவனே சாவியைக் கேட்டு வாங்கினான். கப்பலுக்குள்ள திரும்பிடுவேன்னான். திரும்பி வர்றப்ப அங்கே மர லாரி ஓட்டுற சொக்கலிங்கம் ஓட்டிக்கிட்டு வர்றதா ஏற்பாடு. இவன் பக்கத்து சீட்டுல தூங்கிக்கிட்டே வந்திருப்பான்."

கப்பல் ஊதியது. ஏணியை எடுக்கப் போவதாக யாரோ இந்தியில் கத்தினார்கள்.

பஷீரா தம்பி கையைப் பிடித்தபடி, அங்கேயே நின்று ஜம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவர் ஜம்புலிங்கம்தான்.

"அவன் கேம்ப்புல இருக்கான்மா. ராத்திரி அங்கேதான் தங்கல்னு நான்தான் எழுத வச்சேன்."

அவள் லாரி வரும் வழியை ஒருமுறை பார்த்தாள்.

"தூங்குறாகளா அண்ணே?"

ஜம்புலிங்கம் மெல்லச் சொன்னார்.

"ஆமாம்மா."

"தூங்கட்டும். எனக்கு வலி கண்ட நாளா, காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டு ராவெல்லாம் முழிச்சே கிடந்தாக. இந்த ஓய்வை வாங்கிக் குடுத்த ஒங்களை அல்லா நல்லா வைக்கணும்ண்ணே."