சம்பந்திப் பந்தி

முழங்கால் வலிக்கு மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்று இருந்தவன், மகளின் நிச்சயதார்த்தத்தன்று அடுக்களையில் ஒளிந்து ஒன்றை விழுங்கினேன்.

"வலிக்குப் போடச் சொன்னா போடலை. இப்ப சம்பந்தி பார்ப்பாருன்னு போடுறீங்க" என்று சிரித்தாள் என் மனைவி சௌந்தரவல்லி.

சிரிக்கட்டும். சம்பந்திகள் தரையில் சம்மணமிட்டுச் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் நாற்காலி கேட்டால், மூட்டுவாதக் குடும்பத்தில் பெண் வேண்டாம் என்று நிச்சயத்தையே நிறுத்திவிடுவார்கள்.

மாத்திரை வேலை செய்தது! இளவட்டம் போல சட்டென்று உட்கார்ந்தேன். நெஞ்சு பூரித்துப்போயிற்று. சம்பந்தி கனகசபாபதியும் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்து சாப்பிட்டார். மோர் சாதமும் முடிந்தது. மற்றவர்கள் கைகழுவப் போய்விட்டார்கள். என் கால்கள் மட்டும் அசைய மறுத்தன.

"எழுந்திருங்க சம்பந்தி" என்றேன்.

"வயசில மூத்தவர் நீங்க. உங்களுக்கு முன்னாடி நான் எழுந்திருக்கலாமா?"

அவருடைய இடது கை வேட்டிக்கு மேலே முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"தம்பி, இங்க இன்னும் கொஞ்சம் சோறு!" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"எனக்கும்!" என்று கூவினேன். "ரசமும் கொண்டு வா!"