வேர்க்கும் படம்

முப்பத்தாறு வருடம் பாஸ்போர்ட் ஆபீசில் புகைப்படம் சரிபார்த்தவன் நான். ஆள் மாற்றி ஒட்டிய படம் என்னைக் கண்டாலே வேர்க்கும். ஒருமுறை ஒரு படம் மயங்கியே விழுந்தது. பழம்பொருள் சேகரிக்கும் நண்பர் சதக்கத்துல்லா மட்டும் இதை நம்பமாட்டார்.

சனிக்கிழமை, தன் மங்கோலியப் பதக்கத்தோடு வந்த, விருது பெற்றவரின் படம் ஒட்டிய சிவப்பு விருதுப் புத்தகத்தை நீட்டினார். மறுநாள் கண்காட்சி, யாராவது போலி என்றுவிட்டால் அவருடைய இருபது வருட மானம் போய்விடும்.

உள்ளே தொப்பி போட்ட ஒரு மேய்ப்பரின் படம். முத்திரையில் பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழுந்திருந்தது. இரண்டு பாதிகளும் மயிரிழை அளவு சேராமல் நின்றன.

“உண்மையைச் சொல்லு, இது யாரு புத்தகம்?” என்று படத்தையே கேட்டேன்.

“விளையாடாதேயும் வே. நாளைக்கு ஊரே பாக்கும்,” என்றார் நண்பர்.

மேய்ப்பரின் நெற்றியில் ஒரு துளி அரும்பியது. சதக்கத்துல்லா அவசரமாகக் கைக்குட்டையால் துடைத்தார்.

“உம்ம எச்சிதான் தெறிச்சிருக்கு.”

இன்னொரு துளி அரும்பியது.

கண்காட்சியில் அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் பதக்கம் மட்டுமே இருந்தது. புத்தகம் எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல் கைக்குட்டையைப் பிழிந்தார்.

“வேர்க்குதுங்க. நானும் தொடச்சுத் தொடச்சுப் பாத்துட்டேன், நிக்கமாட்டேங்குது.”