கால் முளைத்த பாண்

"கடையை எனக்குத் தாங்கோ, அப்பா."

கேட்டேவிட்டாள் றெபேக்கா. கேட்கக்கூடாது என்று அம்மா தலையில் அடித்துச் சொல்லியிருந்தது இந்த ஒன்றைத்தான். படி, வேலைக்குப் போ, தலைமயிரைக் கட்டையாக வெட்டு, என்னவும் செய். கடையை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே, அது தம்பியின் பங்கு.

அருமைநாதன் மகளின் பக்கம் திரும்பவில்லை. கல்லாவுக்கு மேலே தொங்கிய ரீவியில் பிலிப்பினோப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் கோட்-டெ-நேஜ் பகுதியில் இருக்கிற பாதிப் பிலிப்பினோச் சனம் இந்தக் கடைக்குத்தான் வரும். அரிசி, கருவாடு, வாடகைக்குப் படம். படம் வைக்கிற யோசனை றெபேக்காவுடையது. அதற்குப் பிறகுதான் கடை மூச்சு விட்டது.

இந்தப் படம் மந்திரமும் பகிடியும் கலந்தது. செத்துப்போன தகப்பனின் பேக்கரிக்காக அக்காவும் தம்பியும் அடிபடுகிறார்கள். தகப்பனின் ஆவி மாச் சாக்குக்குள் குந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லுகிறது. தம்பி பிசைகிற பாண் எல்லாம் போறணை அடுப்புக்குள் கால் முளைத்து, கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் ஓடுகிறது.

அப்பாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் பாண் ஓடுகிற இடம் வந்தால் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

"அப்பா, உங்களோடைதான் கதைக்கிறன்."

"காது கேக்குது. பியர்பொன்ட்ஸ் வீடு உனக்கெண்டு எப்பவோ சொல்லிப்போட்டன். பெட்டைக்கு வீடு, பொடியனுக்குத் தொழில். நான் கண்டுபிடிச்ச சட்டமே இது?"

"அந்த வீட்டிலை இருந்து என்ன செய்யிறது? பஸ் வருதோ எண்டு எட்டிப் பாக்கிறதோ?"

உறைபெட்டிப் பக்கம் பிலிப்பினோ வாடிக்கைக்காரி லூர்தெஸ் அன்ரி நின்றாள். தமிழ் தெரியாது, வீட்டுச் சண்டையின் சத்தம் மட்டும் தெரியும். ஒரே மீனைத் தூக்குவதும் வைப்பதுமாக நின்றாள்.

"டினோஜனுக்குக் கடை கைவராதப்பா. இறைச்சி தொடாத பெரிய வெள்ளிக்குக் கோழிக்கால் பெட்டி பெட்டியா இறக்கினவன். எங்கடை சனமும் தொடேல்லை, பிலிப்பினோச் சனமும் தொடேல்லை."

அப்பா சிரித்தார். மகன் பிழை விட்டால் அது செல்லக் குழப்படி. மகள் சரியாகச் செய்தால் வாய்க்காரி.

"பழகுவான். நீ நாளைக்குக் கட்டிக்கொண்டு போனால் கடை ஆற்றை கையிலை? வாறவன்ரை கையிலை."

கல்லாவுக்குப் பின்னால், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், கறுப்புப் பட்டமளிப்பு அங்கி போட்ட றெபேக்கா படமாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அப்பா காட்டுவார்: எங்கடை பரம்பரையிலை முதல் பட்டதாரி, பிஸ்னஸ் படிச்சவள். ஆணியில் தொங்கலாம். கல்லாக் கதிரையில் இருக்கக்கூடாது.

அழுதால் அதையும் பொம்பிளைப் பிள்ளையின் குணம் என்பார். கல்லாவுக்குக் கிட்டப் போனாள்.

"தம்பியை விடுங்கோ. அவனை நினைக்காமல் ஒருக்கால் சொல்லுங்கோ. நான் கேட்டதுக்காக, எனக்காகத் தருவியளோ?"

ரீவியில் ஆவி தும்மியது. திரை முழுக்க மா.

அப்பா இப்போதுதான் திரும்பினார். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. முகத்தில் இருந்தது இரக்கம்.

"அவன் வந்து தன்ரை வாயாலை வேண்டாமெண்டு சொல்லட்டும். பேந்து உனக்குத் தராமல் வேறை ஆருக்குத் தரப்போறன்?"

தம்பி சாப்பிட்டு எழும்பிய கோப்பையில் ஏதும் மிஞ்சினால் சாப்பிடு என்கிறார். அதையும் அன்பாகத்தான் சொல்கிறார். சாகும்வரை இந்த மனிசனுக்கு இது விளங்கப் போவதில்லை.

குளிர்க்கோட்டை எடுத்து மாட்டினாள்.

"போறதெண்டால் தம்பிக்குப் போன் அடிச்சு வரச்சொல்லு. அரிசி மூட்டை இறக்கவேணும்."

"ஓம்," என்றாள்.

லூர்தெஸ் அன்ரி அவள் கையைப் பிடித்து, விட்டாள்.

வெளியே பனி உருகித் தெரு முழுக்கச் சேறு. கடையில் இருந்து பார்த்தால் தெரியாத மூலையில் டினோஜனின் கார் உறுமிக்கொண்டு நின்றது. பின்சீட்டில் யன்னல் மறைய உடுப்புப் பைகள். அல்பேட்டாவில் லொறி ஓட வேலை கிடைத்திருந்தது. கடை வேண்டாம் என்று நேற்றே அவளிடம் சொல்லிவிட்டான். இப்போதே போய் அப்பாவிடம் சொல்கிறேன் என்று நின்றவனை அவள்தான் மறித்தாள்: பொறு, முதலில் நான் கேட்கிறேன், எனக்காகத் தருகிறாரா பார்ப்போம்.

கண்ணாடியை இறக்கினான்.

"என்னவாம், அக்கா? நான் வந்து சொல்லட்டே? ஒரு சொல்லுத்தானே. கடை உன்ரை."

கதவுப் பிடியில் அவன் கை இருந்தது. அவள் அந்தக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம். நீ வெளிக்கிடு. இருட்ட முதல் ஒட்டாவாவைத் தாண்டு."

"அப்பா என்ன செய்யிறார்?"

"படம் பாக்கிறார்."

காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினாள். பிறகு மெட்ரோப் பக்கம் நடந்தாள்.