மைசூர் போன அக்கா

“அக்காவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். நேரா அவ வீட்டு ஹால்ல பாயைப் போட்டுடுவா!” என்றான் நீல், ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி.

டீனா சிரித்தாள். பயமும் குஷியும் கலந்த சிரிப்பு.

கல்யாணமாகி எட்டு மாதம். வேலூரில் நீல் வீட்டில் மொத்தம் ஒன்பது பேர். புருஷனோடு நாலு வார்த்தை பேசவேண்டுமென்றால் துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் பின்னாலேயே யாராவது வடகம் காயப்போட வந்துவிடுவார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் லீவு சேர்ந்து வந்ததோ இல்லையோ, இருவரும் காரை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஒரே சிக்கல், நீலின் அக்கா கேத்தரின். அதே பெங்களூரில், ஃப்ரேசர் டவுனில் இருக்கிறாள். தம்பி வருகிறான் என்று தெரிந்தால் விடுவாளா? மூணு வேளையும் விருந்து, வரிசையாகச் சொந்தக்காரர் வீடுகள், ராத்திரி நடுவில் குழந்தையைப் போட்டுத் தூக்கம். அதனால் ‘ஏலகிரி போறோம்க்கா’ என்று முதல் நாளே ஒரு புளுகு புளுகியிருந்தான்.

“அண்ணி பாவங்க. உங்களைத் தூக்கி வளர்த்தவங்க. அவங்க ஊருக்கே போயிட்டு அவங்களைப் பார்க்காம வர்றது நல்லாவா இருக்கு?”

“அடுத்த மாசம் போய்ப் பார்க்கலாம். இந்த மூணு நாள் நமக்கு. வேணுமா, வேணாமா?”

“வேணும், வேணும்!”

பெங்களூருக்குள் நுழைந்ததுமே, பொம்மனஹள்ளியில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. டீனாவுக்கு அந்த டிராஃபிக்கூடப் பிடித்திருந்தது. தலைக்கு மேலே போன மெட்ரோவைப் பார்த்து, “ஐயோ, அதுல போகணுங்க!” என்று கைதட்டினாள்.

அப்போது பார்த்து ஃபோன். அக்கா!

நீல் ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏலகிரி போய்ச் சேர்ந்துட்டீங்களாடா?”

“வந்துட்டோம்க்கா. செம குளிரு.”

பக்கத்து பஸ்ஸின் படியில் நின்ற கண்டக்டர், “சில்க் போர்டு! மடிவாளா! மார்க்கெட்!” என்று கத்தினார்.

“என்னடா சத்தம்?”

“படகு சவாரிக்கு ஆள் கூப்பிடறாங்கக்கா.”

டீனா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“சரி சரி. நாங்களும் மைசூர் கிளம்பிட்டோம். திங்கக்கிழமைதான் திரும்புவோம். டீனாவை நல்லா சுத்திக் காட்டு. வெச்சிடறேன்.”

ஃபோன் அடங்கியதும் நீல் சந்தோஷத்தில் ஹார்னை மூன்று முறை அடித்தான். முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிக் கன்னடத்தில் திட்டினார். அதுகூட இனித்தது. ஊரே அவர்களுக்குத்தான்!

மல்லேஸ்வரத்தில் வெண்ணெய் தோசை, ஆளுக்கு இரண்டு. கப்பன் பார்க்கில் கால் வலிக்க நடை. சர்ச் ஸ்ட்ரீட் கூட்டத்தில் நீல் அவள் கையைப் பிடித்தான். யாராவது பார்க்கிறார்களா என்று பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தாள் டீனா. யாருமே பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் அன்றுதான் அவளுக்குக் கல்யாணமானது போலிருந்தது.

ஞாயிறு மத்தியானம் மெட்ரோவுக்காக எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் நின்றார்கள்.

“நீல் மாமா!”

பரிச்சயமான கீச்சுக் குரல். திரும்பினால், அக்கா பெண் ஜோவிதா! அக்கா புருஷன் அலெக்சாண்டர் அவசர அவசரமாக அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, தூணுக்குப் பின்னால் முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு உருவம். சந்தேகமே இல்லை, அக்காதான்.

நீலுக்கு முகம் சிவந்துவிட்டது.

“பார்த்தியா டீனா? மைசூராம்! ஏலகிரி பக்கத்துலதானே, தம்பி அப்படியே இங்க வந்து உட்கார்ந்துடப்போறானோன்னு பொய் சொல்லியிருக்கா. நீ என்னடான்னா அண்ணி பாவம், அண்ணி பாவம்னு உருகினே!”

“நாம மட்டும் உண்மையா சொன்னோம்?”

“அது வேற, இது வேற!”

விறுவிறுவென்று அலெக்சாண்டரிடம் போனான். “என்ன மாமா, மைசூர் அரண்மனையை எம்.ஜி. ரோட்டுக்கு மாத்திட்டாங்களா?”

“வா மச்சான்” என்றார் அவர், சிரிப்பை அடக்க முடியாமல். “ஏலகிரியில போட்டிங் எல்லாம் ஆச்சா?”

நீல் விழித்தான். “அது... உங்களுக்கு எப்படி...”

“நான் குடுத்த பழைய காரைத்தானே ஓட்டிட்டு வந்தே? ஃபாஸ்டேக்ல இன்னும் என் ஃபோன் நம்பர்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில கிருஷ்ணகிரி டோலைத் தாண்டினதுமே எனக்கு மெசேஜ் வந்துடுச்சு. வேலூர்லேர்ந்து ஏலகிரிக்கு எவன்டா கிருஷ்ணகிரி வழியா போவான்?”

“அப்போ அக்காவுக்கும் தெரியுமா?”

“அவகிட்டதான் முதல்ல காட்டினேன். தம்பி வர்றான்னு மட்டன் வாங்கப் பையைத் தூக்கிட்டா. செருப்பை மாட்டினவ வாசல்லயே நின்னுட்டா.”

தூணுக்குப் பின்னாலிருந்து ‘சொல்லாதீங்க’ என்று ஒரு கை ஆடியது. அலெக்சாண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பையை மாட்டி வெச்சுட்டு உனக்கு ஃபோன் போட்டா. மூணு நாளா எங்களை எங்கேயும் வெளிய விடலை, இன்னிக்குக் குழந்தை அழுதான்னுதான் வந்தோம். எதுக்குடீ இதெல்லாம்னு கேட்டேன். ‘அந்த வீட்ல அதுங்களுக்கு ஏதுங்க தனிமை? நாம ஊர்ல இல்லேன்னு தெரிஞ்சாத்தான் ரெண்டும் பயமில்லாம கை கோத்துக்கிட்டு நடக்கும்’னா!”