சாக்கு கட்டிய சிக்னல்

ஆஸ்பத்திரி முக்கில், நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் பயமில்லாமல் சாலையைக் கடக்கட்டும் என்று புதிதாக ஒரு சிக்னல் விளக்கு நட்டார்கள். வேலை முடிந்தும் அதன் முகத்தில் சாக்கைக் கட்டியே வைத்திருந்தார்கள். யாரோ பெரிய மனிதர் வந்து திறந்து வைக்க வேண்டுமாம். அவருக்கோ நேரம் ஒழியவில்லை.

தினமும் மத்தியானம் ஒரு பழைய சைக்கிள் அதன் காலடியில் வந்து நிற்கும். அதை ஓட்டிவரும் மாசிலாமணி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மனைவிக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோகிறவர்.

“ஒரு லாரிக்காரனும் நிக்க மாட்டேங்கிறான். கொஞ்சம் கண்ணைத் திறயேன் தம்பி” என்று சைக்கிள் கெஞ்சும்.

“நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்? விழா முடியட்டும்ணே, பொறுத்துக்குங்க” என்று விளக்கு சமாதானம் சொல்லும். சொல்லிவிட்டுச் சாக்குக்குள்ளேயே கூனிக் குறுகும்.

ஒருநாள் பிரேக் அலறியது. கஞ்சித் தூக்குச்சட்டி உருண்டு வந்து விளக்கின் காலில் மோதி நின்றது. அதன்பிறகு விளக்கு எத்தனை கூப்பிட்டும் சைக்கிள் பேசவில்லை.

விழா நாளில் மேளம் முழங்கச் சாக்கை அவிழ்த்தார்கள். காலடியில், சக்கரம் வளைந்த சைக்கிள் சாய்ந்து கிடப்பதை விளக்கு பார்த்தது.

“அண்ணே, பச்சை போட்டுட்டேன். லாரியெல்லாம் நிக்குது பாருங்க, சீக்கிரம் போங்க” என்று பதறியது.

சைக்கிள் அன்றுதான் வாய் திறந்தது.

“மிதிக்க ஆள் எங்கே தம்பி?”