நரைக்காத செடி

வேலிக் கதவைத் திறந்ததுமே வெஸ்லிக்குப் புரிந்துவிட்டது. அக்கா தோற்றுவிட்டாள்.

வரிசை வரிசையாக ஆளுயரக் கஞ்சாச் செடிகள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் அரசாங்க உரிம அட்டை. ஒவ்வொன்றின் பூவும், சாம்பலை அள்ளித் தூவியதுபோல் நரைத்திருந்தது.

அக்கா ஆர்லீன் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கொட்டகை ஓரமாக நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய வண்டியாவே கொண்டாந்துட்ட போல?"

"பேச்சுன்னா பேச்சுதான், ஆர்லி."

இந்த அக்டோபரிலும் பூ அழுகினால் கடலோர நிலத்தை விற்றுவிட வேண்டும். ஆர்லீன் மலைக்கு அந்தப் பக்கம் வந்து தம்பியின் பசுமைக்குடிலில் வேலை பார்க்க வேண்டும். அதுதான் பேச்சு. நிலத்தில் பாதி அவனுடையது. மறுக்க அவளுக்கு வழியில்லை.

அவள் நிலம் இருக்கும் ஹம்போல்ட் கடற்கரையில் பனிமூட்டம் கலைய மதியமாகும். சில நாள் கலையவே கலையாது. ஆரஞ்சு வாசம் அடிக்கிற ரகங்களின் பூவோ கல்லுபோல் இறுகியிருக்கும். அந்த இறுக்கத்துக்குத்தான் விலை. செடியைக் கொல்வதும் அதுதான். உள்ளே இறங்கிய ஈரம் திரும்பி வர இடுக்கு கிடையாது. பூசணம் நடுத்தண்டில் தொடங்கி மெல்ல வெளியே வரும். பார்வைக்குப் பச்சையாக இருக்கும் பூ, உள்ளே பொடியாகியிருக்கும்.

அதனால்தான் ஆர்லீன் ஆரஞ்சு ரகத்தை இன்னொன்றோடு கலந்தாள். தென்னிந்தியாவில் ஏதோ ஒரு மழைமலையிலிருந்து யாருடைய சட்டைப் பையிலோ விதையாக வந்து சேர்ந்த, ஒல்லியான, தொளதொளப் பூச்செடி அது. ஒன்றின் வாசமும் மற்றதன் தொளதொளப்பும் ஒரே செடியில் சேர வேண்டும். ஆனால் கலப்பு விதைகள் உடன்பிறந்தவர்கள் மாதிரி. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. எது எப்படிப்பட்டது என்பது வளர்ந்த பிறகுதான் தெரியும்.

வெஸ்லிக்கு அக்காவிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது.

செப்டம்பரில் மழை முந்திக்கொண்டது. அவன் பயந்துபோய்க் குடிலின் பிளாஸ்டிக்கை இறுக்கி மூடினான். செடியும் மூச்சு விடும். அந்த மூச்சின் ஈரமெல்லாம் உள்ளேயே தங்கியது. அடுத்த வாரம் அவன் பூவும் நரைத்தது. பாரத்தில் கிளை சாயாமலிருக்கக் கட்டியிருந்த நீல நைலான் கயிற்றைக்கூட அவிழ்க்காமல், வெட்டியதை அப்படியே கொண்டுபோய்ச் சாலையோரப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தான். இத்தனை வருடமும் கடல்பனிதான் எதிரி என்று அவளிடம் அடித்துப் பேசியவன், இதை எந்த முகத்தோடு சொல்வான்?

"சுடுகாட்டுல நடக்குற மாதிரி இருக்கு" என்றான், வரிசைகளுக்கு நடுவே.

"வாயை மூடிக்கிட்டு மூலைக்கு வாடா."

மூலையில் நின்ற செடி அழகில் கடைசி. ஒல்லிக் கிளைகள், தள்ளித் தள்ளிப் பூக்கள்.

"என்ன இது, துடைப்பமா?"

"பிளந்து பாரு."

இருப்பதிலேயே தடித்த பூவைப் பறித்தான். இரண்டு கட்டை விரலையும் கொடுத்து, நடுத்தண்டு தெரியும் வரை பிளந்தான்.

பச்சை. தண்டு வரைக்கும் பச்சை.

ஆரஞ்சுத் தோலில் நகத்தை அழுத்தியதுபோல் வாசம் குப்பென்று எழுந்தது. அவனை மீறி இன்னொரு முறை மோந்து பார்த்தான்.

"அதிர்ஷ்டம்" என்றான் பிடிவாதமாக. "பூசணம் காத்துல வர்றது. இது மேல விழல, தப்பிச்சிடுச்சு. இதை வெச்சு அடுத்த வருஷத்தை நம்ப முடியுமா?"

அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை. நோய் படாத செடியும் நோயைத் தாங்கிய செடியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆர்லீன் காப்பிக் கோப்பையை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தாள். செடியின் நடு இலைகளை இரண்டு கையாலும் விலக்கினாள்.

உள்ளே, தண்டை ஒட்டி, ஓர் அழுகிய பூ தொங்கியது. இந்தச் செடியில் பூத்தது அல்ல அது. யாரோ கட்டிவிட்டது. நீல நைலான் கயிற்றால்.

வெஸ்லி சட்டென்று பக்கத்துச் செடியின் இலைகளை விலக்கினான். அங்கேயும் நீலம். அதற்கு அடுத்ததிலும். அந்த வரிசை முழுக்க.

"பள்ளத்துல சும்மா கிடந்துது" என்றாள் ஆர்லீன். "நல்லா வளர்ந்த பூசணம். வீணாக்க மனசு வரல."

வெஸ்லி தோட்டத்தைத் திரும்பப் பார்த்தான். இவ்வளவு செடியையும் அவளே கையால் கொன்றிருக்கிறாள், சாகாத ஒன்று எது என்று தெரிந்துகொள்ள.

"எல்லாமே செத்திருந்தா?"

"உன் குடிலுக்கு வந்திருப்பேன். அங்கயும் நரைச்சதைத்தானே வெட்டணும்?"

கொட்டகைக்குள் விளக்கு எரிந்தது. பூக்கும் முன்பே ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு கிளையை வெட்டி வேர்விட வைத்திருந்தாள். ஒவ்வொரு தொட்டியிலும் அந்தந்தச் செடியின் எண். இந்த மூலைச் செடியின் கிளையும் அங்கே நிற்கும். விதையில் முளைப்பதுதான் மகள்; வெட்டிய கிளையில் வளர்வது அதே செடி. அதிலிருந்து நறுக்கி நறுக்கி நட்டால் இரண்டு தோட்டத்துக்கும் போதும். விற்கப் போவதாக இருந்த தோட்டத்துக்கும் சேர்த்து.

வெஸ்லி குனிந்து மூலைச் செடியின் அடிக்கிளைகளையும் விலக்கிப் பார்த்தான். அங்கே இன்னொரு நீலக் கயிறு. சற்று மேலே இன்னொன்று. மற்றவற்றுக்கெல்லாம் ஒன்று, இதற்கு மட்டும் மூன்று.

செப்டம்பருக்குப் பிறகு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தான். விரலெல்லாம் ஆரஞ்சு வாசம்.

"அந்தக் கயிறு மிச்சம் இருக்காடா?" என்று கேட்டாள் அக்கா, கோப்பையைக் கையில் எடுத்தபடி. "அடுத்த வருஷம் கிளை பாரம் தாங்காது."